காங்கேயத்து வெயிலும் ஒரு மாமர யுகுலேலேவும்: செஞ்சவரைப் பத்திச் சொல்லியே ஆகோணும்

நொய்யல்கரை (காங்கேயம்):

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம பக்கம் கையால யுகுலேலே (கிட்டார் மாதிரி சின்ன நாலு நரம்புக் கருவி) செய்யற ஒருத்தரைப் பத்தி எழுதோணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்தது. அவர் விளம்பரம் பண்றதில்லை, கடையும் கிடையாது. கோயமுத்தூர்ல கணபதி பக்கம், ஊட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டாய்தான் பட்டறை. பேரைப் பொதுவுல போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அதனால பெரியவர்னே சொல்றேன். காலம் பூரா பவுண்டரிகளுக்கு மரத்துல பேட்டர்ன் (மணல்ல அச்சு எடுக்கற மர மாதிரி) செஞ்சு குடுத்தவர். பம்பு உறை, மோட்டார் பாடி, இம்பெல்லர்னு எல்லாமே. கம்ப்யூட்டர்ல ஓடற சி.என்.சி. மிஷின் வந்து மரப் பேட்டர்ன் வேலை குறைஞ்சதும் நரம்புக் கருவி பக்கம் வந்துட்டார்.

எங்க பொண்ணு ஏழாவது படிக்குது. அதுக்குத்தான் கான்சர்ட் அளவுல (சின்ன சோப்ரானோவுக்கு அடுத்த அளவு) ஒண்ணு செய்யச் சொல்லி வாங்கினோம். உடம்பு பூராவும் மாமரம். கழுத்து மகாகனி. விரல்பலகையும் குதிரையும் (நரம்பைத் தாங்கற கட்டை) ஈட்டி மரம், அதுவும் புதுசா அறுத்ததில்லை, பழைய நாற்காலிக் கால்ல இருந்து எடுத்தது.

மேற்பலகை ஏறக்குறைய 2 மி.மீ. கனந்தான் இருக்குது. வாய்வட்டத்தோட விளிம்பைப் பார்த்தா மேலே ஓடற ரேகை அப்படியே உள்ளே இறங்குது. ஒட்டுப்பலகை இல்லை, முழு மரம். ஒரே பலகையை ரெண்டாப் பிளந்து விரிச்சு நடுவுல சேர்த்ததால இடமும் வலமும் ரேகை ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பார்க்குது. செல்போன் டார்ச்சை அடிச்சு, சின்னக் கண்ணாடி ஒண்ணை உள்ளே விட்டுப் பார்த்தேன். தாங்கு கட்டைங்க ஓரத்துக்குப் போகப் போக மெலிஞ்சு போய் முடியுது. பசை ஒரு சொட்டுக்கூட வழிஞ்சு நிக்கலை. யாரும் பார்க்காத அந்த அடிப்பலகை உட்புறத்துல பென்சில்ல பொடி எழுத்துல அங்கங்கே கனம் குறிச்சிருக்கார்: 1.9, 2.0, 2.1. ஓரத்துல ஒரு வரி: "மா. ஆனைமலைத் தோப்பு. ஆடிக் காத்துல சாஞ்சது."

வாசிச்சா நாலு நரம்பும் ஒரே வயசுக் குரலா வருது. வாங்கின கருவி சிலதுல ஒரு நரம்பு மட்டும் கத்தும், ஒண்ணு அமுங்கிப் போகும். இதுல அப்படி இல்லை.

இனி நடந்ததைச் சொல்றேன். எங்க ஊர் பங்குனி, சித்திரை எப்படிக் காயும்னு இங்க நிறையப் பேருக்குத் தெரியும். முதல் கோடையிலேயே விரல்பலகை ஓரத்துல மெட்டுக் கம்பிங்களோட முனை வெளிய துருத்திக்கிச்சு. பொண்ணு கை நவுத்தறப்பெல்லாம் கீறுச்சு. அப்புறம் குதிரைக்குப் பக்கத்துல முடி மாதிரி ஒரு வெடிப்பு. படம் புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்பினேன். விடிஞ்சதும் போன் வந்தது. "நரம்பைத் தளர்த்திடுங்க. பொட்டியில வச்சு மூடிருங்க. எண்ணெய், மெழுகு, கோந்து எதுவும் தொட வேண்டாம். கூரியர்லயும் அனுப்ப வேண்டாம், நான் சிவன்மலைக்கு வரோணும், அப்படியே வந்து எடுத்துக்கறேன்."

சொன்ன மாதிரியே வந்தார். வர்றப்ப அவர் சொந்தமா வாசிக்கற கருவியையும் கொண்டாந்து, "வேலை முடியற வரைக்கும் சும்மா இருக்கக் கூடாது கண்ணு, இதுல பழகு"ன்னு பொண்ணு கையில குடுத்துட்டுப் போனார்.

எங்களுதைக் கொண்டுபோய் உடனே வேலை பார்க்கலை. மரம் தானா ஈரப்பதத்துக்கு வரட்டும்னு சில வாரம் வச்சிருந்தார். வெடிப்பு தானாவே சேர்ந்துகிட்ட பிறகு பசை விட்டு, உள்பக்கம் ரேகைக்குக் குறுக்கால சின்னச் சின்னப் பட்டை வச்சார். மெட்டு முனைங்களை ஒவ்வொண்ணா அரத்துல தேய்ச்சு உருட்டிவிட்டார். நாங்க கேக்காமயே நட்டுக் காடியையும் (கழுத்து மேல்முனையில நரம்பு உக்கார்ற பள்ளம்) ஒரு இழை இறக்கி, பொண்ணோட சின்ன விரலுக்கு அழுத்தறது லேசாகும்படி பண்ணிட்டார்.

காசு எவ்வளவுங்கன்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன்: "காங்கேயத்துக்குப் போகுதுன்னு தெரிஞ்சுதானே செஞ்சேன். அந்த வெயிலுக்குத் தக்க மரத்தை இன்னுங் கொஞ்சம் காய வச்சு விரல்பலகை போட்டிருக்கோணும். சுருக்கம் பார்க்கறது என் வேலை. அதுக்கு நீங்க எதுக்குங்க காசு தரோணும்?"

—

தறிச்சத்தம் (சோமனூர்):

படிச்சு சந்தோஷமா இருக்குதுங்க. அந்த உள்பக்கத்துப் பென்சில் எழுத்தைப் படம் எடுத்திருந்தா போடுங்க.

—

வார்ப்புமணல் (பீளமேடு):

"சுருக்கம் பார்க்கறது என் வேலை"ங்கறதைப் படிச்சதும் ஆள் அசல் பேட்டர்ன்காரர்னு தெரிஞ்சுபோச்சு. வெளியாட்களுக்குப் புரியறதுக்காகக் கொஞ்சம் விளக்கறேன்.

உருகின உலோகம் அச்சுல ஊத்தி ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்புன்னா அடிக்கு ஏறக்குறைய 1/8 அங்குலம், ஸ்டீல்னா 1/4 அங்குலம். அதனால மரப் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெருசாச் செய்யோணும். இதுக்குன்னே தனி ஸ்கேல் உண்டு, அதுல அடியே சாதா அடியைவிட நீளமா இருக்கும். பேட்டர்ன்காரர் மேசை மேல ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு ஸ்கேல் கிடக்கும். அப்புறம் மணல்ல இருந்து பேட்டர்ன் உடையாம வெளிய வர்றதுக்கு பக்கவாட்டுல லேசா சாய்வு வைக்கோணும், மிஷின்ல கடையற இடத்துக்குக் கூடுதல் கனம் விடோணும். எல்லாம் சேர்த்து மரத்துல மனக்கணக்கா வெட்டறவங்க அவங்க.

பவுண்டரியில பீஸ் அளவு குறைஞ்சு வந்தா ஊத்தினவனையோ மணல் அடிச்சவனையோ முதல்ல கேக்க மாட்டாங்க. பேட்டர்னைத்தான் எடுத்து அளப்பாங்க. அந்தப் பொறுப்புலயே நாப்பது அம்பது வருசம் இருந்த மனுசனுக்கு, தான் செஞ்ச கருவி வெயில்ல சுருங்கினா அதை வாடிக்கையாளர் தலையில போடத் தோணாது. அது தர்மம் பண்றதா அவருக்குத் தெரிஞ்சிருக்காது, தொழில் கணக்காத்தான் தெரிஞ்சிருக்கும்.

அதே மாதிரி மெட்டு முனை துருத்தறதும் மரம் சுருங்கறதாலதான். மரம் நீளவாக்குல சுருங்கறது கண்ணுக்கே தெரியாது, ரேகைக்குக் குறுக்கால்தான் சுருங்கும். விரல்பலகை அகலம் குறையும், கம்பி குறையாது. முனை வெளிய வந்துரும்.

—

மலைக்காத்து (வால்பாறை):

எங்க ஊர்ல நேர்மாறு. ஆனி, ஆடியில எந்நேரமும் மழை. முழு மரக் கருவி தண்ணி குடிச்ச மாதிரி உப்பி, குதிரை மேல எழும்பி, நரம்பு விரல்பலகையை விட்டு உசந்துரும். அழுத்தவே முடியாது. பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன், அதனால கேக்கறேன்: இவ்வளவு வம்பு எதுக்கு? நல்ல ஒட்டுப்பலகைக் கருவி வாங்கினா வெடிக்காது, உப்பாது, புள்ளைங்க கீழ போட்டாலும் தாங்கும். பெரியவர் நல்லவர்தான், அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா நல்ல மனசைப் பார்த்து எல்லாரும் முழு மரம்தான் வாங்கோணும்னு இங்க ஒரு பேச்சு வந்துடக் கூடாது.

—

நொய்யல்கரை (காங்கேயம்):

»மலைக்காத்து: நல்ல ஒட்டுப்பலகைக் கருவி வாங்கினா வெடிக்காது

ஒத்துக்கறேனுங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒட்டுப்பலகைதான் சரி. பெரியவரே அதைத்தான் சொல்வார். பள்ளிக்கூடத்துக்குன்னு கேட்டு வந்த ஒரு வாத்தியார்கிட்ட, "என்கிட்ட வாங்க வேண்டாம், கடையில ஒட்டுப்பலகையே வாங்குங்க, வாங்கினதும் இங்க கொண்டாங்க, நட்டும் சேடிலும் (குதிரை மேல நரம்பு உக்கார்ற பட்டை) சரி பண்ணித் தர்றேன்"னு சொன்னது எனக்கு எதிர்லயேதான். அவர் செய்யாத கருவிக்கு அவர் செய்யற வேலை அது.

சத்தத்துல மட்டும் வித்தியாசம் இருக்குது. முழு மரம் வாசிக்க வாசிக்கத் தொறந்துகிட்டே வரும், ஒட்டுப்பலகை முதல் நாள் எப்படியோ கடைசி நாளும் அப்படியேன்னு வாசிக்கறவங்க பல பேர் சொல்வாங்க. ரெண்டுல எது வேணுங்கறது அவங்கவங்க ஊரையும் கையையும் பொறுத்தது.

முழு மரம் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன், அவர் சொல்லிக் குடுத்ததுதான். ஈரப்பதம் 45-ல இருந்து 55 சதம் வரைக்கும் இருந்தா மரத்துக்கு நிம்மதி. சின்ன மீட்டர் ஒண்ணைப் பொட்டிக்குள்ள போட்டுருங்க. கோடையில, மூடியில ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுக்குள்ள ஸ்பாஞ்சை நனைச்சு, நல்லாப் புழிஞ்சு வச்சுப் பொட்டியை மூடுங்க. சொட்டு விழக் கூடாது. வால்பாறைக்கு இதே டப்பாவுல சிலிக்கா ஜெல்.

—

ஐந்துகட்டை (ஆர்.எஸ்.புரம்):

நான் வயலின் சொல்லிக் கொடுப்பவள். யுகுலேலேவை விளையாட்டுப் பொருள் என்று நினைக்கிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் சுருதி. மலிவான கருவிகளில் நட்டுக் காடி உயரமாக இருக்கும். முதல் மெட்டில் அழுத்தும்போது நரம்பு கூடுதலாக இழுபட்டு, ஸ்வரம் ஏறிவிடும். மூன்றாம் கட்டை (E) நரம்பில் முதல் மெட்டை அழுத்தினால் நான்காம் கட்டை (F) வர வேண்டும். அது சற்றே ஏறி ஒலித்தால் குழந்தை எவ்வளவு சரியாக அழுத்தினாலும் கேட்கிறவர் காதுக்கு அபஸ்வரம்தான். குழந்தை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெரியவர் கேட்காமலே நட்டை இறக்கினார் என்று படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்காக: யுகுலேலேவின் நான்கு நரம்புகள் நம் கணக்கில் 5, 1, 3, 6 கட்டை. முதலில் இருக்கும் ஐந்து கட்டை நரம்பு ஒரு கட்டை நரம்பைவிட உயர்ந்த சுருதியில்தான் இருக்கும். கீழிருந்து மேலாக வரிசையாக ஏறாது. அந்தக் குழைவான, சிரிப்பு கலந்த ஒலிக்கு அந்த அமைப்பே காரணம்.

வாங்குபவர்கள் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். 12-ஆவது மெட்டுக்கு நேர் மேலே நரம்பை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

—

வார்ப்புமணல் (பீளமேடு):

அம்மா சொன்னதுக்குக் கணக்கு இதுதானுங்க. நட்டுல இருந்து சேடில் வரைக்கும் உள்ள நீளத்தை 17.817-ஆல வகுத்தா முதல் மெட்டு எங்கங்கறது வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால வகுத்தா ரெண்டாவது. இப்படியே போகும். கான்சர்ட்டுக்கு நீளம் 381 மி.மீ.ன்னு வச்சா முதல் மெட்டு 21.4 மி.மீ.ல, 12-ஆவது சரிபாதியில 190.5 மி.மீ.ல. ஆனா அழுத்தறப்ப நரம்பு இழுபடறதால சேடிலைக் கணக்குக்கு ஒரு பொட்டு தள்ளித்தான் வைக்கோணும். கூடுதல் விட்டு வெட்டற பேட்டர்ன் வேலையேதான் இதுவும்.

—

பவானிக்கூடல் (பவானி):

நானும் அதே பெரியவர்கிட்டப் போனவதான். ஆனா நான் அவர்கிட்ட வாங்கினவ இல்லை. காலேஜ் முடிச்சு வெளியூருக்குப் போன ஒரு புள்ளைகிட்ட இருந்து பழசா வாங்கினேன். பெருந்துறையில கலியாணத்துக்குப் போயிருந்தப்ப கருவி காருக்குள்ள வெயில்ல கிடந்துபோச்சு. எடுத்துப் பார்த்தா குதிரை பலகையை விட்டுக் கழண்டு நிக்குது. வெசனமாப் போச்சு. உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்து, அவர் எழுதியிருந்த குறிப்பை வச்சு விசாரிச்சு விசாரிச்சு ஊட்டைக் கண்டுபுடிச்சேன்.

யாருகிட்ட வாங்கினீங்க, எப்ப வாங்கினீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கழண்ட இடத்தைத் தடவிப் பார்த்து, "நல்லாச் சுத்தமா விட்டிருக்குது"ன்னு சந்தோஷப்பட்டார். எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறந்தான் சொன்னார். ஒட்டறதுக்கு அவர் வச்சிரந்தான் போடுவாராம், பழைய காலத்துத் தச்சு வேலையில தோல், எலும்பு காய்ச்சி எடுத்து ஒட்டுவாங்களே, அதேதான். சூட்டுலயும் ஈரத்துலயும் அது இளகி விட்டுரும். விடாம புடிச்சிருந்தா, நரம்பு இழுத்த இழுப்புக்குப் பலகையே பேந்து வந்திருக்கும். பசை விட்டா ஒட்டிக்கலாம், மரம் கிழிஞ்சா போச்சு. பின்னால ஒருத்தர் தொறந்து வேலை பார்க்கோணும்னு நெனச்சே ஒட்டறேன்னார்.

பழைய பசையைச் சுடுதண்ணியில துடைச்சு எடுத்து, புதுசு போட்டு, கிளாம்ப் மாட்டி ராத்திரி பூரா வச்சிருந்தார். அடுத்த தடவை போனப்ப நரம்பே புதுசாப் போட்டு வச்சிருந்தது. நரம்புக்கு மட்டும் காசு வாங்கிக்கிட்டார். என்னை உக்கார வச்சு, நரம்பு மாத்தறது எப்படின்னு ஒண்ணைக் கழட்டி என் கையாலயே போட வச்சார். புது நைலான் நரம்பு ரெண்டு மூணு நாளைக்கு இளகிக்கிட்டே இருக்கும், பிருடை (நரம்பை முறுக்கற ஆணி) கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்காதீங்கன்னும் சொன்னார்.

எங்க ஊட்டுல ஜமக்காளம் நெய்வோம். ஒரு சின்ன ஜமக்காளம் கொண்டுபோய்க் குடுத்தேன். பட்டறை மேசை மேல விரிச்சு, அது மேலதான் இப்ப கருவியை வச்சு வேலை பார்க்கறார், கீறல் விழாதுன்னு.

—

மஞ்சமண்டி (ஈரோடு):

ஒரு வியாபாரியா எனக்கு இதுல ஒரு கவலை. பெரியவர் வயசானவர். வேலை பார்க்கற நேரமெல்லாம் சும்மா போகுது. முதல் வருசம் கருவியில வந்த குறைக்குக் காசு வாங்காதது சரி. மூணாவது ஆள்கிட்ட பழசா வாங்கி, கார்ல காய விட்டதுக்கும் காசு வாங்கலைன்னா அது அவர் கைக்காசு. (அக்கா தப்பா எடுத்துக்காதீங்க.) இப்படியே போனா புதுக் கருவி செய்ய நேரம் இருக்காது. நாம வாங்கறவங்கதான் வற்புறுத்திக் குடுக்கோணும். இல்லைன்னா நாளைக்கு பட்டறை மூடிருச்சுன்னு நாமளே இங்க வந்து அழுவோம்.

—

பவானிக்கூடல் (பவானி):

தப்பா எடுத்துக்கலைங்க. நானும் மேசை மேல பணத்தை வச்சுட்டு வந்தேன். அடுத்த தடவை போய்க் கருவியை வாங்கறப்ப, அதோட பொட்டியைத் திறந்து பார்த்தா உள்ளே அதே நோட்டு, மடிச்ச மடிப்புக் கலையாம இருந்தது.

—

நொய்யல்கரை (காங்கேயம்):

»மஞ்சமண்டி: நாம வாங்கறவங்கதான் வற்புறுத்திக் குடுக்கோணும்

இதை அவர்கிட்டயே பேசியிருக்கேன் அண்ணா. அவர் கணக்கு வேற. திரும்பி வர்ற ஒவ்வொரு கருவியும் அவருக்குப் பாடமாம். எங்க வெடிச்சது, எந்தக் கட்டை தளர்ந்தது, எந்த ஊர் வெயில் என்ன பண்ணுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கார். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் போற கருவிக்கு இப்ப விரல்பலகையை ரொம்ப நாள் காய வச்சு, மெட்டுக் காடி ஓரத்துல அடைச்சு, கம்பி முனையை ஒரு இழை உள்ளே தள்ளியே அடிக்கிறார். எங்களுது திரும்பிப் போனதால வந்த மாத்தம் அது. "உங்க கருவி திரும்பி வரலைன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது, அப்ப நாந்தான் உங்களுக்குக் காசு தரோணும்"னார்.

ஆனா உங்க கவலை நியாயமானது. அதனால நாம செய்யக்கூடியது, புதுசா வாங்கறப்ப பேரம் பேசாம இருக்கறது. அவர் சொல்ற விலையே அந்த உழைப்புக்குக் கம்மி. அதையும் குறைச்சுக் கேட்டு வர்ற ஆளுங்களை நான் அங்க பார்த்திருக்கேன், கோவமா வரும்.

—

ஏலகிரிவாசகன் (இப்போ சூலூர்):

மூணு தச்சர்களோட கதை ஒண்ணு ஞாபகம் வந்தது. அட்லாண்டிக்ல மதீரான்னு ஒரு போர்ச்சுக்கல் தீவு. அங்க இருந்து ஹவாயில கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிங்களை ஏத்திக்கிட்டு ரேவன்ஸ்கிராக்ங்கற கப்பல் 1879 ஆகஸ்ட் 23 அன்னிக்கு ஹொனலுலு வந்து சேர்ந்தது. அதுல மானுவெல் நூனஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோன்னு மூணு பேர், மூணு பேருமே மரச்சாமான் செய்யற தச்சர்கள். கரும்புக்காட்டு ஒப்பந்தம் முடிஞ்சதும் ஹொனலுலுவுல பட்டறை போட்டு, ஊர்ல இருந்த சின்ன நாலு நரம்புக் கருவியை ஹவாய்க்காரங்களுக்குப் புடிச்ச மாதிரி, அங்க கிடைச்ச கோவா மரத்துல செஞ்சாங்க. அதுதான் யுகுலேலே. கலகௌவா மன்னர் அரண்மனையிலேயே அதை வாசிக்க வச்சார். 1915-ல சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு அப்புறம் அமெரிக்கா பூரா பரவுச்சு.

மேசை, பீரோ செஞ்ச கை செஞ்ச கருவி இது. அதனால பம்பு பேட்டர்ன் செஞ்ச கை இதுக்கு வர்றது எனக்கு ரொம்பப் பொருத்தமாப் படுது.

இன்னொண்ணு. ஹொனலுலுவுல 1916-ல தொடங்கின கமாகா பட்டறை இன்னிக்கும் அதே குடும்பத்துக்கிட்டதான் இருக்குது. அங்க காது கேளாத கைவினைஞர்கள் பல வருசம் வேலை பார்த்திருக்காங்க. பலகையோட அதிர்வை விரல்லயே உணர்ந்து கனம் சொல்வாங்களாம்.

—

தோப்புக்காரி (ஆழியாறு):

மாமரத்துல செஞ்சதுன்னு படிச்சதுல இருந்து ஒரு யோசனை. எங்க அப்புச்சி வச்ச பழைய மாமரம் ஒண்ணு இந்தக் காத்துக்குச் சாஞ்சுபோச்சு. விறகுக்குக் கேட்டு ஆள் வந்தாச்சு. மனசு வரலை. அந்தப் பெரியவருக்கு ஆகுமான்னு கேட்டுச் சொல்ல முடியுமாங்க? காசு வேண்டாம்.

—

நொய்யல்கரை (காங்கேயம்):

கேட்டேன் அக்கா. போன்லயே எந்திரிச்சு நின்னுட்டார் போல, குரல்லயே தெரிஞ்சது. அவர் சொன்னதை அப்படியே போடறேன், தயவு செஞ்சு இன்னிக்கே பண்ணிருங்க.

அடிமரத்தை முழுசா நீளமா வச்சு வெட்டச் சொல்லுங்க, துண்டு துண்டாப் போட வேண்டாம். வெட்டின ரெண்டு முனையிலயும் உடனே பெயிண்டோ மெழுகோ கனமாப் பூசிருங்க. ஈரம் முனை வழியாத்தான் வேகமா ஓடும், அங்கதான் வெடிப்பு ஆரம்பிக்கும். மண்ணுல கிடக்கக் கூடாது, கல்லு வச்சு மேல தூக்கிப் போடுங்க. மாமரம் ஈரத்தோட ரொம்ப நாள் கிடந்தா பூஞ்சை ஏறிக் கருநீலமாயிரும், உளுப்பும் புடிக்கும். அதனால சீக்கிரமா அறுத்து, பலகைக்கு நடுவுல குச்சி குடுத்து நிழல்ல அடுக்கோணும். அறுக்கறதுக்கு அவரே வர்றாராம், ரேகை பார்த்து அறுக்கோணும்னு. வண்டிக்கூலி, மில் கூலி அவர் குடுத்துக்கறாராம், அதுல மட்டும் நீங்க மறுக்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னார்.

—

தோப்புக்காரி (ஆழியாறு):

முனையில பெயிண்டு அடிச்சாச்சுங்க. வந்து பார்த்துட்டும் போயிட்டார். மரத்தைச் சுத்தி நடந்து நடந்து சாக்பீஸ்ல கோடு போட்டார். அடிக்கவர் கிட்ட இருக்கற மரத்துல ரேகை அலை அலையா வரும்னு தனியாக் குறிச்சு வச்சார். மரத்துக்குப் பதிலா ஒரு கருவி செஞ்சு தர்றேன்னார். அம்மாதான், "எங்களுக்கு வேண்டாம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க"ன்னுட்டாங்க.

—

மலைக்காத்து (வால்பாறை):

பள்ளிக்கூடத்துக்கு ஒட்டுப்பலகைதான் வேணும்னு சொன்னது நான்தான். இந்த ஒண்ணுக்கு மட்டும் எதுவும் சொல்ல மாட்டேன். ஆழியாறு மலையடிவாரம், ஈரமும் வெயிலும் மிதமாத்தான் இருக்கும். அந்த டீச்சருக்கு ஈரப்பதம் பார்க்கறது எப்படின்னு வேணும்னா நான் வந்து சொல்லித் தர்றேன்.

—

புதுவிரல் (உடுமலை):

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் படிக்கறேன். இந்த இழையைப் படிச்சுட்டு யுகுலேலே கத்துக்கலாம்னு இருக்கேன். சோப்ரானோ, கான்சர்ட், டெனார்னு போட்டிருக்காங்க, எது வாங்கறது? எனக்கு விரல் கொஞ்சம் பெருசு. அப்புறம் லோ ஜி நரம்புன்னு ஒண்ணு சொல்றாங்க, அது கான்சர்ட்ல போடலாமா? மரம் எது நல்லதுன்னு நேர்ல பார்த்துத் தெரிஞ்சுக்க இடம் இருக்குதா?

—

ஐந்துகட்டை (ஆர்.எஸ்.புரம்):

தம்பி, விரல் பெரிது என்றால் கான்சர்ட் அல்லது டெனார். சோப்ரானோவில் மெட்டுகள் மிக நெருக்கம். டெனாரைவிடப் பெரிய பாரிடோன் இப்போது வேண்டாம், அதன் சுருதி அமைப்பே வேறு, கிட்டாரின் மேல் நான்கு நரம்புகள் போல இருக்கும். பாட்டோடு சேர்ந்து மீட்டத்தான் விருப்பம் என்றால் சாதாரண ஐந்து கட்டை நரம்பே அழகு. ராகமாக, தனி ஸ்வரமாக வாசிக்க ஆசை என்றால் லோ ஜி (அதே ஐந்து கட்டை, ஒரு ஸ்தாயி கீழே) போடலாம், கீழே இன்னும் சில ஸ்வரங்கள் கிடைக்கும்.

மரம் பார்க்க, ஆர்.எஸ்.புரத்தில் வனக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போ. 1902-இல் தொடங்கியது. ஈட்டி, தேக்கு, வேங்கை என்று நம் மலை மரங்களின் குறுக்குவெட்டுகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். திறந்திருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போ.

—

நொய்யல்கரை (காங்கேயம்):

தம்பி, லோ ஜி கான்சர்ட்ல தாராளமாப் போடலாம். ஆனா அந்த நரம்பு தடிமன். நட்டுக் காடியை அகலப்படுத்தாம போட்டா மேலயே உக்காந்துக்கும், சுருதி ஏறிப்போகும். ஊட்டுல அரம் வச்சு நீயே தேய்க்காதே, ஒரு இழை அதிகமாப் போனா நரம்பு முதல் மெட்டுல இடிச்சு இரையும். கருவியை எங்க வாங்கினாலும் பரவாயில்லை, பெரியவர்கிட்டக் கொண்டு போ. விலாசத்தைத் தனிமடல்ல அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை காத்தால போனா ஆள் இருப்பார், போறதுக்கு முந்தின நாள் பொழுதோட ஒரு போன் பண்ணிரு. நரம்பை நீயே வாங்கிக் கையோட கொண்டு போயிரு, இல்லைன்னா அவர் தன்னோட கட்டுல இருந்து எடுத்துப் போட்டுட்டுப் பல நேரம் காசு வாங்க மாட்டார்.